செய்து கற்றலும் ஊர்ச் செய்தியும்: அமெரிக்கச் சிறு பள்ளி மாவட்டங்களின் அனுபவம்

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் 'பள்ளி மாவட்டம்' எனப்படும் உள்ளாட்சி அமைப்பிடம் இருக்கிறது. தமிழ்நாட்டின் கல்வி மாவட்டம் கல்வித் துறையின் ஒரு நிர்வாகப் பிரிவு. அமெரிக்கப் பள்ளி மாவட்டமோ தனித்து இயங்குவது. ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் அதற்கு உண்டு. பல மாநிலங்களில் வீட்டுக்கும் நிலத்துக்கும் வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. கண்காணிப்பாளர் எனப்படும் தலைமை நிர்வாகியை அமர்த்துவது, ஆசிரியர்களைச் சேர்ப்பது, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது எல்லாம் அந்த வாரியத்தின் கையில். 1930களின் தொடக்கத்தில் நாடெங்கும் ஏறத்தாழ 1,27,000 பள்ளி மாவட்டங்கள் இருந்தன. ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு இன்று சுமார் 13,000 மிஞ்சியிருக்கின்றன. அவற்றிலும் பல மிகச் சிறியவை. மழலை வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எண்ணினாலும் சில நூறு பிள்ளைகள்தான் தேறுவார்கள்.

இத்தகைய இடங்களில் பள்ளிதான் ஊரின் பெரிய கட்டடம். அதிகம் பேருக்குச் சம்பளம் கொடுப்பதும் பல ஊர்களில் அதுவே. வெள்ளிக்கிழமை இரவுக் கால்பந்து ஆட்டம், இசை நிகழ்ச்சி, வாக்குச்சாவடி, புயல் நேரத்துத் தங்குமிடம் என்று ஊரே கூடும் இடமும் அதுதான். ஆகவே பள்ளியில் நடப்பது தானாகவே ஊர்ச் செய்தி ஆகிறது. பிள்ளைகள் கையால் செய்து கற்கும் பாடங்கள் இந்தச் சூழலில் ஒரு தனி வலுப் பெறுகின்றன. நகரப் பள்ளியில் ஒரு மாணவர் செய்த மேசை கண்காட்சியோடு முடிந்துவிடும். சிற்றூரில் அது யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆடினால் அவர் வந்து சொல்வார். கற்றலுக்கு இவ்வளவு நேரடியான தேர்வாளர் வேறெங்கும் கிடைப்பது அரிது.

சிறு பள்ளிகள் தேவையில்லை என்பதே நெடுங்காலம் வல்லுநர்களின் கருத்தாக இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1959இல் வெளியிட்ட அறிக்கை, இறுதி வகுப்பில் நூறு பேராவது இல்லாத உயர்நிலைப் பள்ளியால் போதிய பாடங்களை நடத்த முடியாது என்று வாதிட்டது. இயற்பியலுக்குத் தனி ஆசிரியர், இரண்டு மூன்று அயல்மொழிகள், நல்ல ஆய்வுக்கூடம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் வயல், ஓடை, பட்டறை, முதியோர் வீடு ஆகியவை நடந்துபோகும் தொலைவில் இருப்பதும் ஒரு கல்வி வசதிதான். அதை அந்தக் கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை.

செய்து கற்றல் அமெரிக்க நாட்டுப்புறத்தில் முதலில் வேரூன்றியது வேளாண்மை வழியாக. 1902இல் ஓஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டு பகுதியில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த ஏ. பி. கிரஹாம், சிறுவர் சிறுமியரைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அவர்கள் மண்ணைச் சோதித்தார்கள், விதை தேர்ந்தார்கள், சொந்தமாக மக்காச்சோளம் விளைவித்துக் கணக்கு எழுதினார்கள். இதுபோலப் பல மாநிலங்களில் தோன்றிய சங்கங்களே பின்னர் 4-எச் இயக்கமாகத் திரண்டன. தென் மாநிலங்களில் 'சோளச் சங்கங்கள்' பரவியபோது ஒரு வேடிக்கை நடந்தது. 1910இல் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜெர்ரி மூர் என்ற பதினைந்து வயதுப் பையன் ஒரே ஏக்கரில் 228 புஷெலுக்கு மேல் மக்காச்சோளம் எடுத்தான். அன்று நாட்டின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு முப்பது புஷெலைக்கூட எட்டியிருக்கவில்லை. செய்தி நாடெங்கும் பரவியது. அரசு வேளாண் அலுவலர் சொன்னபோது கேட்காத தகப்பன்மார், மகனின் பாத்தியைப் பார்த்து மாறினார்கள். புதிய உழவுமுறையைப் பரப்பிய சீமன் நாப் இதைத் தெரிந்தேதான் பையன்களை நாடினார். ஒரு மாணவரின் கைவேலை, செய்தியாகி, ஊரின் பழக்கத்தையே மாற்றியதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டு.

பள்ளிக்குள் இந்த முறையை ஒழுங்குபடுத்தியவர் ரூஃபஸ் ஸ்டிம்சன். மாசசூசெட்ஸ் மாநிலம் நார்த்தாம்டனில் 1908இல் திறக்கப்பட்ட வேளாண் பள்ளியில் அவர் 'வீட்டுத் திட்டம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு நிலத்தில் ஒரு பயிரையோ கால்நடையையோ பொறுப்பேற்க வேண்டும். ஆசிரியர் நேரில் போய்ப் பார்ப்பார். வரவு செலவு ஏட்டில் ஏற வேண்டும். 1917இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் இதை நாடு முழுவதற்குமான விதியாக்கியது: மத்திய அரசின் பணம் பெறும் வேளாண் வகுப்பு மாணவர், ஆண்டில் ஆறு மாதமாவது மேற்பார்வையோடு பண்ணை வேலை செய்தாக வேண்டும். 1928இல் கன்சாஸ் சிட்டியில் தோன்றிய எஃப்எஃப்ஏ என்ற வேளாண் மாணவர் அமைப்பு இந்த வகுப்புகளோடு சேர்ந்தே வளர்ந்தது. அதன் வரலாற்றில் மறைக்கக் கூடாத பக்கமும் உண்டு. இனப் பாகுபாடு நிலவிய தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்குத் தனி அமைப்புதான் இருந்தது. 1965இல்தான் இரண்டும் இணைந்தன. பெண்களுக்கு முழு உறுப்பினர் உரிமை கிடைத்தது 1969இல்.

இன்றும் சிறு மாவட்டங்களில் செய்து கற்றல் என்றால் முதலில் கண்ணில் படுவது இந்த வேளாண் பிரிவுதான். பட்டறையில் வெல்டிங் பயில்கிறார்கள். உழவர் ஒருவரின் உடைந்த இழுவண்டிச் சட்டம் பாடப்பொருளாக வந்து நிற்கும். பசுங்குடிலில் குளிர்காலம் முழுவதும் நாற்று வளர்த்து, வசந்தத்தில் விற்கிறார்கள். கட்டுமான வகுப்பு ஓராண்டில் ஒரு வீட்டை அடித்தளத்திலிருந்து கட்டி முடித்து ஏலத்தில் விடும் வழக்கம் மத்திய மேற்கு மாநிலங்களில் பரவலாக உண்டு. விற்ற பணம் அடுத்த வீட்டுக்கு முதல். சுவர் நேராக இல்லையென்றால் மதிப்பெண் குறைவதோடு முடியாது. கட்டட ஆய்வாளர் கையெழுத்துப் போட மாட்டார், வீடு விற்காது.

இந்த நடைமுறைக்குப் பின்னால் ஒரு கல்விக் கொள்கையும் வளர்ந்தது. கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் பிள்ளைகள் சமைத்தும் நூற்றும் மரவேலை செய்தும் வேதியியலையும் வரலாற்றையும் கற்றார்கள். 1918இல் வில்லியம் கில்பாட்ரிக் எழுதிய 'திட்ட முறை' என்ற கட்டுரை அந்த எண்ணத்தை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் தோறும் கொண்டுசேர்த்தது. பரவிய வேகத்தில் அது நீர்த்தும் போனது. அட்டைப் பெட்டியில் செய்த கோட்டையும் களிமண் எரிமலையும் 'திட்டம்' என்ற பெயர் பெற்றன. கை வேலை செய்கிறது. ஆனால் செய்த பொருள் யாருக்கும் வேண்டியதாக இல்லை. டூயியின் மாணவியான எல்சி கிளாப் இதற்கு மாறான பாதையில் போனார். வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களுக்காக மேற்கு வர்ஜீனியாவில் அரசு உருவாக்கிய ஆர்தர்டேல் குடியிருப்பில் 1934 முதல் 1936 வரை அவர் நடத்திய பள்ளியில் அந்தக் குடியிருப்பின் வாழ்க்கையே பாடத்திட்டமாக இருந்தது. அன்றைய அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அதற்குப் பணம் திரட்டித் தந்தார். தனியார் நிதி நின்றது, கிளாப் விலகினார், பள்ளி வழக்கமான தடத்துக்குத் திரும்பியது. இந்த வரிசை பின்னால் பல ஊர்களில் மீண்டும் நிகழப்போகிறது.

கைவேலையும் செய்தியும் ஒரே வகுப்பில் கலந்ததற்கு நிறைவான சான்று ஜார்ஜியா மாநில மலைப்பகுதியான ரேபன் கவுண்டியில் கிடைக்கிறது. (கவுண்டி என்பது மாநிலத்தின் நிர்வாக உட்பிரிவு.) 1966இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அங்கே ஆங்கிலம் கற்பிக்க வந்த எலியட் விக்கின்டனின் வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்டார். ஒரு பத்திரிகை நடத்துவோம் என்று முடிவாயிற்று. அந்த மலைக்காடுகளில் இரவில் ஒளிரும் ஒரு பூஞ்சையின் பெயரை, 'ஃபாக்ஸ்ஃபயர்' என்று, அதற்கு இட்டார்கள். முதல் இதழ் 1967இல் வந்தது. ஊர்க்காரர்களிடமும் கடைகளிடமும் வசூலித்த பணத்தில் அச்சானது.

இதழின் உயிர் பேட்டிகளில் இருந்தது. ஒலிப்பதிவுக் கருவியோடும் கேமராவோடும் மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டிகளிடமும் அவர்களுடைய அண்டை அயலாரிடமும் போனார்கள். மர வீடு எழுப்புவது, பன்றி அறுத்துப் பதப்படுத்துவது, நிலவைப் பார்த்து விதைப்பது, ஒட்டுத் துணியில் மெத்தை விரிப்பு தைப்பது, கள்ளச் சாராயம் காய்ச்சுவது வரை பதிவு செய்தார்கள். ஊரார் ஆன்ட் ஏரி என்று அழைத்த ஏரி கார்ப்பென்டர் என்ற மூதாட்டி, குழாய் இல்லாத மர வீட்டில் தனியாக வாழ்ந்தவர். ஃபாக்ஸ்ஃபயர் குழு அவர் வீட்டுக்குப் போனபோது அவர் குனிந்து ஒரு பன்றித் தலையிலிருந்து கண்ணை எடுக்கப் போராடிக்கொண்டிருந்தார். பேட்டி எடுக்க வந்தவர்கள் முதலில் கத்தியைப் பிடித்து உதவ வேண்டியதாயிற்று. பேச்சு அந்த வேலையின் நடுவே தொடங்கியது. அச்சில் வந்த கட்டுரையும் அப்படியே தொடங்குகிறது. வேலை தெரியாமல் அந்த வேலையைப் பற்றி எழுத முடியாது என்பதை எந்த இலக்கணப் பாடமும் இவ்வளவு உறைக்கும்படி சொல்லியிருக்காது. ஒலிநாடாவைக் கேட்டு அவர் பேசிய மலை வழக்கைச் சொல் மாறாமல் எழுதுவதிலேயே நிறுத்தக்குறி, பத்தி, மேற்கோள் எல்லாம் மாணவர்களுக்குப் பழகின. 1972இல் இதழ்த் தொகுப்பு நூலாக வந்து பல லட்சம் பிரதிகள் விற்றது. தொடர் பன்னிரண்டு தொகுதிகளாக வளர்ந்தது. அந்த உரிமத்தொகையில் மவுன்டன் சிட்டியில் நிலம் வாங்கி, பழைய மர வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மாணவர்கள் திரும்பப் பூட்டினார்கள். உள்ளூர் மாணவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகையும் அதிலிருந்து போனது.

இதே வரலாற்றில் ஒரு கொடிய பகுதியும் இருக்கிறது. 1992இல் விக்கின்டன் சிறுவர் ஒருவரைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதாக ஒப்புக்கொண்டு சிறை சென்றார். அவர் எழுதிய கல்வி நூல்களைப் படித்து வளர்ந்த ஆசிரியர்களுக்கு அது பெரும் அடி. வகுப்பறைக்கு வெளியே ஆசிரியரும் மாணவரும் நீண்ட நேரம் சேர்ந்திருக்கும் எந்தத் திட்டத்திலும் இரண்டாவது பெரியவர் உடனிருக்க வேண்டும், பெற்றோருக்குத் தெரிய வேண்டும், மாணவர் முறையிட வழி இருக்க வேண்டும். புகழ்பெற்ற ஆசிரியர் என்பதால் இந்தக் காவலைத் தளர்த்துவது மன்னிக்க முடியாத தவறு. ஃபாக்ஸ்ஃபயர் திட்டம் ஒருவரைச் சார்ந்திராததால் பிழைத்தது.

1990களில் இத்தகைய நாட்டுப்புறத் திட்டங்களுக்குப் பணம் வந்தது. கொடையாளர் வால்டர் அனென்பர்க் 1993இல் பள்ளிச் சீர்திருத்தத்துக்கு அறிவித்த 50 கோடி டாலரில் 5 கோடி, நாட்டுப்புறப் பள்ளிகளுக்கென்று 1995இல் ஒதுக்கப்பட்டது. தென் டகோட்டா மாநிலத்தின் ஹோவர்டு என்ற சிற்றூர் அக்காலத்தில் பலராலும் பேசப்பட்டது. ஆள்கள் வெளியேறி, கடைகள் மூடி, தேய்ந்துகொண்டிருந்த ஊர் அது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், வணிகவியல் ஆசிரியர் ராண்டி பாரியின் துணையோடு, அந்தக் கவுண்டி மக்கள் பணத்தை எங்கே செலவழிக்கிறார்கள் என்று கேட்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். பாதிப் பேர் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்ப் பெரிய நகரத்தில் சாமான் வாங்குவது தெரியவந்தது. உள்ளூரில் பத்து சதவீதம் கூடுதலாகச் செலவிட்டால் போதும், ஊரின் பொருளாதாரத்தில் 70 லட்சம் டாலர் சேரும் என்று கணக்கிட்டு, ஊர்க் கூட்டத்தில் பிள்ளைகளே எழுந்து சொன்னார்கள். அடுத்த ஓராண்டில் அந்தக் கவுண்டியில் வரிக்குரிய விற்பனை 1.5 கோடி டாலருக்கு மேல் கூடியது. உயர்வு முழுவதையும் ஒரு பள்ளித் திட்டத்தின் கணக்கில் எழுதுவது மிகை. ஆனாலும் ஊராருக்குத் தெரியாத ஊர்ச் செய்தி ஒன்றைப் பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொன்னார்கள், ஊர் செவிகொடுத்தது என்பதில் ஐயமில்லை. சதவீதக் கணக்குக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தப் பாடநூலிலும் இல்லை.

அலபாமாவில் பேசர்ஸ் என்ற சிறு பள்ளிகளின் கூட்டமைப்பு, அம்மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு இயங்கியது. சொந்தப் பத்திரிகை இல்லாத ஊர்களில் மாணவர்களே ஊருக்கான செய்தித்தாளை நடத்தும் ஏற்பாடு அதன் தனிச்சிறப்பு. பள்ளி இதழுக்கும் இதற்கும் வேறுபாடு பெரிது. பள்ளி இதழில் தலைமையாசிரியர் உரையும் பரிசு வாங்கிய படங்களும் இருக்கும். ஊர்த் தாளிலோ இறப்புச் செய்தி, தேவாலய விருந்து, சாலைப் பழுது, கடை விளம்பரம் எல்லாம் வர வேண்டும். இறந்தவரின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் அந்தக் குடும்பம் பள்ளி வாசலுக்கு வந்துவிடும். இந்தப் பொறுப்புக்குப் பிள்ளைகள் தகுதியானவர்கள் என்று நம்பியதே அந்த ஏற்பாட்டின் துணிவு.

வட கரோலினாவின் பெர்ட்டி கவுண்டியில் 2010இல் எமிலி பில்லட்டன் என்ற வடிவமைப்பாளரும் அவருடைய துணைவரும் தொடங்கிய 'ஸ்டுடியோ எச்' இன்னொரு வகை. ஏழ்மை மிகுந்த அந்த மாவட்டத்தில் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் கோழிக்கூண்டு வடிவமைத்தார்கள். கடைசியில் வின்ட்சர் என்ற ஊரில் உழவர் சந்தைக்கான கட்டடம் ஒன்றை வரைந்து தாங்களே கட்டி முடித்தார்கள். 2011இல் சந்தை திறந்தது. ஆனால் இவர்களை அழைத்த கண்காணிப்பாளர் பதவி விலகியிருந்தார். பள்ளி வாரியம் சம்பளம் தர மறுத்துவிட்டது. வெளி நிதியில்தான் வகுப்பு ஓடியது. இரண்டாண்டில் அவர்கள் கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். ஊருக்குச் சந்தை கிடைத்தது, வகுப்பு நிலைக்கவில்லை. ஆர்தர்டேலில் கண்ட வரிசை இது.

செய்திப் பக்கத்தில் நிலைமை வேகமாக மாறிவருகிறது. 2005இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 8,900 செய்தித்தாள்கள் இருந்தன. இருபது ஆண்டு முடிவதற்குள் மூன்றில் ஒன்றுக்கும் மேல் மறைந்துவிட்டன. மூடியவற்றில் மிகப் பெரும்பாலானவை வார இதழ்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் உள்ளூர்ச் செய்தி தரும் ஊடகம் ஒன்றுகூட இல்லை. அந்த வார இதழ்கள்தாம் பள்ளி வாரியக் கூட்டத்துக்கு நிருபரை அனுப்பின. வரவு செலவுத் திட்ட அறிவிப்பை வெளியிட்டன. நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர் பட்டியலையும் ஆட்ட முடிவையும் எந்தப் பையன் எந்தக் கன்றுக்குட்டிக்குப் பரிசு வாங்கினான் என்பதையும் போட்டன. அவை போன இடத்தை மாவட்டங்களின் சொந்தச் செய்திமடல்களும் ஃபேஸ்புக் பக்கங்களும் நிரப்புகின்றன. அவற்றில் பயன் இல்லாமலில்லை: பேருந்து நேரம், உணவுப் பட்டியல், பசுங்குடில் விற்பனை நாள் எல்லாம் வீடு வந்து சேர்கின்றன. ஆனால் புதிய கட்டடத்துக்காகக் கடன் பத்திரம் வெளியிட வாக்கெடுப்பு வரும்போது, அதே மடல் வரி கேட்பவரின் குரலாகவும் இருக்கிறது. வாரியத்தில் நடந்த சச்சரவு அதில் வராது. செய்திமடலைச் செய்தித்தாளுக்கு ஈடாக ஏற்றுக்கொண்ட ஊர், தன் வரிப்பணத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் நிற்கும்.

மாணவர் செய்தித்தாள் அந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்பதைச் சட்டம் பாதி திறந்தும் பாதி மூடியும் வைத்திருக்கிறது. பள்ளி வாசலில் மாணவரின் பேச்சுரிமை பறிபோவதில்லை என்று 1969இல் டிங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1988இல் மிசூரியின் ஹேசல்வுட் பள்ளி மாவட்ட வழக்கில் போக்கு மாறியது. மாணவியர் கருவுறுதல் பற்றியும் பெற்றோர் மணமுறிவு பற்றியும் எழுதப்பட்ட கட்டுரைகள் இருந்த பக்கங்களைப் பள்ளி முதல்வர் நீக்கியது செல்லும் என்றது நீதிமன்றம். கல்விசார்ந்த நியாயமான காரணம் காட்டினால், பள்ளி நடத்தும் தாளைத் தணிக்கை செய்யலாம். இதை ஈடுகட்டச் சில மாநிலங்கள் தனிச் சட்டம் கொண்டுவந்தன. கன்சாஸ் 1992இல் இயற்றியது. அதன் பயன் 2017இல் தெரிந்தது. அம்மாநிலத்தின் பிட்ஸ்பர்க் என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளிக்குப் புதிய முதல்வர் நியமிக்கப்பட்டார். அவரை அறிமுகப்படுத்திச் சாதாரணக் கட்டுரை எழுதப்போன மாணவர்கள், அவர் பட்டம் பெற்றதாகச் சொன்ன பல்கலைக்கழகத்தின் இணையதளமே இயங்காததைக் கண்டார்கள். தோண்டிப் பார்த்ததில் அதற்கு முறையான அங்கீகாரம் இல்லை என்று தெரிந்தது. கட்டுரை வெளியான சில நாள்களில் அவர் பொறுப்பேற்காமலே விலகினார். வாரியத்தின் பெரியவர்கள் பார்க்கத் தவறியதைப் பதினேழு வயதுப் பிள்ளைகள் பார்த்தார்கள். சரிபார்த்தல் என்ற பழக்கம் பட்டறையில் அளவுகோல் பிடிப்பதற்கு இணையான கைவேலை என்பதற்கு இதுவே போதிய சான்று.

செய்து கற்றலுக்கு இருக்கும் தடைகளில் முதலாவது நேரம். 2002இல் கையெழுத்தான மத்திய சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு கட்டாயம் என்றது. தேர்வில் வராதவை கால அட்டவணையில் சுருங்கின. 2015இல் வந்த மாற்றுச் சட்டம் தண்டனைகளைத் தளர்த்தினாலும் தேர்வை நீக்கவில்லை. ஒரு பேட்டியை எடுத்து எழுதி அச்சேற்றிய மாணவர் எவ்வளவு கற்றார் என்பதை அளக்க அந்தத் தேர்வுகளில் வழியில்லை. அடுத்தது பாதுகாப்பு. வட்ட ரம்பம் போன்ற ஆபத்தான கருவிகளைப் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் வேலையிடத்தில் இயக்கக் கூடாது என்பது மத்தியத் தொழிலாளர் விதி. முறையான தொழிற்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த மாணவருக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. அந்த நிபந்தனைகளை எழுத்தில் நிறைவேற்ற ஒரு சிறு மாவட்டத்தில் தனி அலுவலர் இருப்பதில்லை. வெல்டிங் தெரிந்தவருக்கு வெளியே கிடைக்கும் கூலி ஆசிரியச் சம்பளத்தை விட அதிகம் என்பதால் பட்டறை ஆசிரியர் கிடைப்பதும் அரிதாகிறது. தொழிற்கல்விக்கான பெர்கின்ஸ் சட்டத்தின்படி வரும் மத்திய நிதி கருவி வாங்க உதவும்; ஊர்த் தாளை நடத்தும் மொழி ஆசிரியரின் கூடுதல் நேரத்துக்கு அதிலிருந்து பணம் வராது.

எது நிலைத்தது, எது போனது என்று பார்த்தால் தீர்ப்பு கடினமில்லை. வேளாண் வகுப்பு நூறாண்டு தாண்டியதற்குக் காரணம், சட்டத்திலும் சம்பளப் பட்டியலிலும் கால அட்டவணையிலும் அதற்கு இடம் இருந்தது. ஃபாக்ஸ்ஃபயர் தன்னை உருவாக்கியவரின் குற்றத்துக்குப் பிறகும் நின்றதற்குக் காரணம், அதற்குச் சொந்த நிலமும் வருமானமும் பாடவேளையும் இருந்தன. நன்கொடையை மட்டும் நம்பிய ஆர்தர்டேலும் பெர்ட்டியும் இரண்டு ஆண்டுகளைத் தாண்டவில்லை. ஆகவே இத்தகைய கல்வியை விரும்பும் பள்ளி வாரியம் முதலில் செய்ய வேண்டியது, அந்த ஆசிரியரின் நேரத்துக்கான தொகையை மாவட்டத்தின் சொந்த வரவு செலவுத் திட்டத்தில் எழுதுவது. மாணவர் தாளில் வாரியத்தைப் பற்றியே வரும் செய்தியை நிறுத்துவதில்லை என்ற தீர்மானத்தையும் அதே கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டும்.